சைமிக்கு விழும் குவியல்

ஹில்யா என்றால் அந்தப் பனிநாட்டு மொழியில் அமைதியானவள் என்று பொருள். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெயர் வைப்பதில் இருக்கிற ஆபத்து இதுதான். வளர்ந்த ஹில்யா வாயைத் திறந்தால் ஏரிக்கு அக்கரையில் படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும். அந்தக் குளிர்காலத்தில் மட்டும் அவள் பேச்சு குறைந்துபோயிருந்தது. அவள் கணவன் யால்மரி அதைக் கவனித்து உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தான். பேசுகிற ஹில்யாவைவிடப் பேசாத ஹில்யாதான் ஆபத்து என்பது இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் அந்த மனிதனுக்கு உறைக்கவில்லை.

எல்லாம் ஒரு கையுறையில் ஆரம்பித்தது. கட்டைவிரல் பக்கம் கிழிந்திருந்த யால்மரியின் கையுறை, ஒருநாள் ஏரியிலிருந்து திரும்பும்போது தைத்து வந்தது. சிவப்புக் கம்பளி நூல். ஹில்யாவின் கூடையில் சாம்பல், கறுப்பு, வெள்ளை இருந்தன. சிவப்பு கிடையாது.

"யாரு தச்சா?" என்று கேட்டாள்.

"கிழிஞ்சிருந்துச்சு."

"கிழிஞ்சது தெரியும். தச்சது யாருன்னு கேட்டேன்."

"தச்சாச்சு இல்ல, விடேன்" என்று சொல்லிவிட்டு யால்மரி கஞ்சிக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

குய்க்கா ஏரிக்கரை ஆண்களிடம் இதற்கு மேல் வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஹில்யா மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் அந்தச் சுற்று வட்டாரத்தில் சிவப்பு நூல் யார் வீட்டில் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும். ஓடை ஏரியில் வந்து சேரும் இடத்தில் தனிவீட்டில் இருந்த சைமி, தன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் சிவப்புத் தொப்பி பின்னிப் போட்டிருந்தாள். பனிவெளியில் எங்கே நின்றாலும் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது அவள் பயம். பயப்படக் காரணமும் இருந்தது. அவள் கணவன் ரெய்னோ மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் குதிரையும் வண்டியுமாகப் பனி உடைந்து ஏரிக்குள் போனவன்.

சைமியை ஹில்யாவுக்கு அதுவரை பிடித்துத்தான் இருந்தது. தனியாக நின்று பாடுபடுகிறவள், யாரிடமும் ஒரு பிடி உப்புக் கூடக் கடன் கேட்காதவள் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருந்தாள். கையுறையைப் பார்த்த பிறகு அந்தப் பெருமையெல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. கடன் கேட்காமல் இவளுக்குக் காலம் எப்படி ஓடுகிறது? விறகு யார் பிளந்து போடுகிறார்கள்? பனிவலை வேலை முடிந்து யால்மரி ஏன் ஓடைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருகிறான்? குதிரைக்கு அந்த வழிதான் பழக்கம் என்றான் ஒருமுறை. குதிரையைத்தான் சாட்சிக்குக் கூப்பிட முடியாதே.

அந்த ஏரியில் குளிர்காலத்து இழுவலை நான்கு வீட்டுச் சொத்து. ஆளுக்கொரு துண்டு வலை பின்னி வைத்திருந்தார்கள். பருவம் வந்ததும் நான்கையும் கயிற்றால் கோத்து ஒரே வலையாக்கிப் பனிக்கு அடியில் விட்டு இழுப்பார்கள். வலைத்தலைவர் தாவெத்திக் கிழவர் வீட்டுத் துண்டு ஒன்று, யால்மரியுடையது ஒன்று, வெய்க்கோ என்ற கல்யாணமாகாத குறும்பனுடையது ஒன்று, ரெய்னோவுடையது ஒன்று. ரெய்னோ போன பிறகு அவன் துண்டோடு சைமியே வேலைக்கு வந்தாள். நான்கு துண்டும் சேர்ந்தால்தான் ஏரியின் ஆழக்குழியை வளைக்க முடியும். மூன்றை வைத்துக்கொண்டு கரையோரம் கெண்டைக்குஞ்சு பிடிக்கலாம்.

ஹில்யா அதுவரை பனிக்கு வந்ததில்லை. மாடு, கன்று, அடுப்பு என்று அவளுக்குக் கரையிலேயே வேலை சரியாக இருந்தது. அந்த வருடம் தாவெத்தியின் மனைவி காலை முறித்துக்கொண்டதால் கயிறு சுருட்ட ஆள் குறைந்தது.

"நான் வர்றேன்" என்றாள் ஹில்யா.

"குளிரும்" என்றான் யால்மரி.

"குளிரட்டும். பாக்கத்தானே போறேன்."

எதைப் பார்க்க என்று அவன் கேட்கவில்லை.

முதல் இழுப்பிலேயே அவள் பார்த்துவிட்டாள். பிடித்த மீனைப் பங்கு போடுவதில் அந்த ஏரிக்கென்று ஒரு முறை உண்டு. வலைத்தலைவர் மரச் சட்டுவத்தால் மீனை அள்ளிப் பனிமேல் நான்கு குவியலாகப் போடுவார். ஒருவர் குவியலுக்கு முதுகு காட்டித் திரும்பி நிற்க வேண்டும். தலைவர் கோலால் ஏதாவது ஒரு குவியலைக் காட்டி "இது யாருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் மனதில் வந்த பெயரைச் சொல்வார். சொன்னது சொன்னதுதான், மாற்றக் கூடாது. கொடுத்தது மனிதனில்லை, ஏரி. அதனால் யாருக்கும் யார்மேலும் வருத்தமில்லை.

திரும்பி நின்றவன் யால்மரி. மூன்று வருடமாக அவன்தானாம். பெரிய குவியலுக்கு அவன் சொன்ன பெயர் சைமி.

சரி, தற்செயல் என்று ஹில்யா மனதைத் தேற்றிக்கொண்டாள். அடுத்த இழுப்பிலும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த இழுப்பில் பெரிய குவியலின் உச்சியில் கொழுத்த வெண்மீன் ஒன்று வேறு, ராணி மாதிரிப் படுத்திருந்தது. அதுவும் சைமிக்கே போனது. இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது. தாவெத்திக் கிழவர் நூலோ குச்சியோ இல்லாமல் வெறும் கண்ணாலேயே ஏரிக்குக் குறுக்கே நேர்கோட்டில் துளை போட வைப்பவர். அப்படிப்பட்டவருக்கு நான்கு குவியலைச் சமமாகப் போடத் தெரியவில்லையா? மூன்று ஒரே அளவாக இருந்தன. ஒன்று மட்டும் எப்போதும் வீங்கியிருந்தது.

பங்கு போடும்போது எல்லோர் முகத்தையும் பார்த்தாள். வெய்க்கோ வானத்தைப் பார்த்தான். சைமி தன் காலணியைப் பார்த்தாள். கிழவர் மூக்கை உறிஞ்சினார். அந்தக் குளிரில் யாருக்குத்தான் மூக்கு ஒழுகவில்லை என்று முதலில் விட்டுவிட்டாள். அன்று இரவு படுக்கையில் புரண்டபோதுதான் பொறி தட்டியது. கிழவர் எல்லாக் குவியலுக்கும் உறிஞ்சவில்லை.

அடுத்த இழுப்பில் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் தீட்டி வைத்தாள். இது யாருக்கு? வெய்க்கோ. இது யாருக்கு? தாவெத்தி. கிழவர் மூக்கை நன்றாக, நீளமாக உறிஞ்சினார். இது யாருக்கு? யால்மரி மூச்சுவிடக்கூட நேரம் எடுக்காமல் சொன்னான்: "சைமி."

ஹில்யாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் புருஷன் அவளுக்கு மீன் கொடுக்கிறான், அதற்குக் கிழவர் தரகு பார்க்கிறார், வெய்க்கோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான், ஊருக்கே தெரியும், தனக்கு மட்டும் தெரியாது! கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாகச் சுட்டது. யால்மரி அழகனுமல்ல, பேச்சுக்காரனுமல்ல. ஆனால் அவன் தன்னுடையவன் என்ற ஒன்றை நம்பித்தான் அவள் ரயிலடி ஊரை விட்டுவிட்டு இந்தக் காட்டு ஏரிக்கு வந்திருந்தாள். அது இல்லையென்றால் அவளுக்கு இங்கே வேறு யார் இருக்கிறார்கள்?

வீட்டில் வைத்துக் கேட்டிருக்கலாம். அவன் "தச்சாச்சு இல்ல" என்கிற மாதிரி ஏதாவது சொல்வான். கையும் களவுமாகப் பிடித்தால்தான் உண்டு என்று முடிவு செய்துகொண்டாள்.

அந்த நாள் வந்தது. காலையில் இரும்புக் கடப்பாரையால் பனியில் பெரிய வாய் திறந்து வலையை இறக்கினார்கள். இரண்டு பக்கமும் சிறு துளைகள் வரிசையாகப் போட்டு, நீண்ட மரக்கழியைப் பனிக்கு அடியில் துளைக்குத் துளை தள்ளிக் கயிற்றைக் கொண்டுபோனார்கள். பிறகு கயிற்றை இழுக்கும் ராட்டினத்தைச் சுற்றினார்கள். ஒரு பக்கம் யால்மரியும் ஹில்யாவும், இன்னொரு பக்கம் வெய்க்கோவும் சைமியும்.

"என்ன வீட்டுக்காரம்மா, இன்னைக்கு வாய்க்குப் பூட்டா?" என்று அந்தப் பக்கமிருந்து வெய்க்கோ கத்தினான். "நீ பேசினாத்தானே பனி கொஞ்சம் உருகும்!"

"உருகத்தான் போகுது. நீ பாத்து நில்லு" என்றாள் ஹில்யா.

வெய்க்கோ சிரித்தான். சைமி சிரிக்கவில்லை. அதையும் ஹில்யா குறித்துக்கொண்டாள்.

நல்ல பிடிப்பு. வலையின் மடி மேலே வந்தபோது விரல்நீள வெள்ளிமீன்கள் கொட்டிக் குவிந்து, துள்ளின வேகத்திலேயே விறைத்துப்போயின. வெள்ளரிக்காய் வாசம் மாதிரி அந்த மீனுக்கு ஒரு வாசம் உண்டு. கிழவர் சட்டுவத்தை எடுத்தார். மூன்று குவியல் சமம், நான்காவது குவியல் வீக்கம். யால்மரி வழக்கம்போல முதுகைக் காட்டப் போனான்.

"நீ தள்ளு. இன்னைக்கு நான் நிக்கிறேன்" என்றாள் ஹில்யா.

யால்மரி கிழவரைப் பார்த்தான். கிழவர் வெய்க்கோவைப் பார்த்தார்.

"யால்மரிக்குத்தான் இது பழக்கம்மா" என்றார் கிழவர்.

"பேர் சொல்றதுக்கு என்ன பெரியவரே பழக்கம்? நாலு பேர் எனக்கும் தெரியும். இல்ல, பொம்பள சொன்னா ஏரி ஒத்துக்காதா?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப கேளுங்க."

அவள் திரும்பி நின்றாள். எதிரே வெறும் வெள்ளை, அதற்கப்பால் கறுப்பாகக் காடு.

"இது யாருக்கு?" என்றார் கிழவர்.

"தாவெத்தி" என்றாள் அவள். மூக்குச் சத்தம் கேட்கவில்லை.

பிறகு கேட்டது. பாவம் கிழவர், பழக்க தோஷமோ, இவளும் புரிந்துகொள்வாள் என்ற நப்பாசையோ, மூக்கை நன்றாக உறிஞ்சிவிட்டு, "இது யாருக்கு?" என்றார்.

"யால்மரி!" என்று சொல்லிக்கொண்டே ஹில்யா திரும்பினாள். கிழவரின் கோல் பெரிய குவியலின் மேல்தான் நின்றது. "என்ன பெரியவரே முழிக்கிறீங்க? தப்பான பேர் சொல்லிட்டேனா? மூக்க உறிஞ்சினா சைமின்னு சொல்லணும், அதானே பாடம்? எத்தனை வருஷமா நடக்குது இந்த நாடகம்?"

யால்மரி, "ஹில்யா, வேண்டாம்" என்றான்.

"ஏன் வேண்டாம்? வீட்ல கேட்டா பதில் இல்ல, இங்க கேட்டா வேண்டாமா? கையுறை தச்சுக் குடுக்கிறா அவ. நீ மீன் குடுக்கிற. விறகு குடுக்கிற. இன்னும் என்னென்ன குடுத்த? இத்தனை பேர் முன்னாடி சொல்லு. நானும் தெரிஞ்சுக்கறேன்."

யால்மரி தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினான். அந்தக் குளிரில் யாரும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள்.

"ரெய்னோ போன அன்னைக்குக் காலையில எங்கிட்டதான் கேட்டான்" என்றான். "ஓடை முகத்துல பனி தாங்குமான்னு. முந்தின நாள் நான் பனிச்சறுக்குக் கட்டையில அந்தப் பக்கம் வந்திருந்தேன். தாங்கும்னு சொன்னேன். என்னைத் தாங்குச்சு. குதிரையைத் தாங்கல."

இவ்வளவு நீளமாக அவன் பேசி ஹில்யா கேட்டதில்லை.

"யால்மரி மட்டும் இல்லம்மா" என்றார் கிழவர். "அன்னைக்கு ரெய்னோவை அனுப்பினவன் நான். வெய்க்கோ கூடப் போக வேண்டியவன், போகாம படுத்துக் கெடந்தான். சும்மா குடுத்தா சைமி வாங்க மாட்டா. ஒரு தடவை மாவு கொண்டுபோய் வெச்சேன். அதே மூட்டையை என் வாசல்ல கொண்டுவந்து போட்டுட்டுப் போயிட்டா. ஏரி குடுத்தா மட்டும்தான் வாங்குவா. அதுக்குத்தான் இப்படி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் ஹில்யா. கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

வெய்க்கோ, எப்போதும் இருக்கிற கேலி கொஞ்சமும் இல்லாமல், "உங்கிட்டயா?" என்றான்.

அப்போதுதான் எல்லோருக்கும் சைமி அங்கே நிற்பது நினைவுக்கு வந்தது மாதிரி இருந்தது. அவள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டி முடித்துக் கீழே வைத்தாள்.

"அந்தக் கையுறை கயிறு உரசிக் கிழிஞ்சுது ஹில்யா" என்றாள். "அவன் விரல் விறைச்சுக் கெடந்துச்சு. இங்கயே, இந்த ராட்டினத்துப் பக்கத்துல உக்காந்து தச்சேன், எல்லாரும் பாக்க. தையல் பிடிக்கலேன்னா பிரிச்சுடு. எனக்கு உன் புருஷன் வேண்டாம். எனக்கு இருந்தவனே போதும்."

சைமி கிழவர் பக்கம் திரும்பினாள்.

"அந்த மூக்கு விஷயம் எனக்குத் தெரியும்" என்றாள் சைமி.

"என்ன?" என்றார் கிழவர்.

"தெரியும் பெரியவரே. மூணு குளிர்காலமா உங்க மூக்கு என் குவியலுக்கு மட்டும் ஒழுகுது. எனக்குக் காது இல்லையா? ரெய்னோ கையில கடப்பாரை இருந்துச்சு. குத்திப் பாத்துட்டுப் போயிருக்கலாம். யால்மரி மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா உங்களுக்கெல்லாம் இருந்துச்சு. இதைக் குடுத்தா உங்களுக்குத் தூக்கம் வருது, வாங்கிட்டா என் பிள்ளைங்க சாப்பிடுது. அதான் தெரியாத மாதிரியே நின்னேன். நீங்களும் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு நின்னீங்க. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு."

அவள் ஹில்யாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் ஹில்யாவுக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"வாயால சொல்லாத வரைக்கும் அது ஏரி குடுத்தது. சொன்னப்புறம் அது நீங்க குடுத்தது. எப்படி வாங்குவேன்?"

"இது உன்னோடதுதான். எடுத்துக்கோ" என்று ஹில்யா பெரிய குவியலைக் காட்டினாள். "நான் புத்தியில்லாம பேசிட்டேன். எடுத்துக்கோ சைமி."

"நீ யால்மரி பேரைச் சொன்ன. சொன்னது சொன்னதுதான். இன்னும் ரெண்டு இருக்கு. திரும்பி நில்லு. பெரியவரே, கேளுங்க."

ஹில்யா திரும்பி நின்றாள். கண்ணீர் இமையிலேயே உறைந்து குத்தியது. கிழவர் கேட்டார். இந்தத் தடவை வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு கேட்டார். அவள் ஒரு பெயரைச் சொன்னாள், பிறகு மிச்சமிருந்த பெயரையும் சொன்னாள். திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. சைமி தன் பங்கை அள்ளிப் பெட்டியில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. அதிக நேரம் பிடிக்கவில்லை.

பிறகு சைமி கத்தியை எடுத்துக்கொண்டு வலையிடம் போனாள். நான்கு துண்டும் கோத்த நீளவலை பனிமேல் கிடந்தது. ரெய்னோவின் துண்டைப் பிணைத்திருந்த கயிற்றை அவள் அறுக்க ஆரம்பித்தாள். ஈரவலை உறைவதற்குள் முடிக்க வேண்டும் என்று வேகமாக அறுத்தாள்.

"சைமி, அதை எடுத்துட்டா ஆழக்குழியை வளைக்க முடியாதே" என்றான் வெய்க்கோ. "நாங்க என்ன பண்றது? நீ தனியா என்ன பண்ணுவ?"

"சின்ன வலை ரெண்டு இருக்கு. ஓடை முகத்துல போட்டுக்கறேன்."

"அங்கயா?" என்றான் யால்மரி.

"குத்திப் பாத்துட்டுத்தான் போவேன்" என்றாள்.

ஹில்யா போய் அந்த வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். யாராவது இழுத்துப் பிடித்தால்தான் கயிறு சரியாக அறும். சைமி வேண்டாம் என்று சொல்லவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. இருவருமாக நான்கு வீட்டு வலையை மூன்றாகவும் ஒன்றாகவும் பிரித்து முடித்தார்கள். சைமி தன் துண்டை மடித்துச் சறுக்குவண்டியில் ஏற்றி, மீன்பெட்டியை அதன்மேல் வைத்து, இடுப்பில் கயிற்றை மாட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் இழுத்துப் போனாள். கரையில் இரண்டு சிவப்புத் தொப்பிகள் ஓடிவந்தன.

யால்மரியின் குதிரைவண்டி பெரிய குவியலின் பாரத்தோடு நேர்வழியில் வீட்டுக்குப் போயிற்று. ஹில்யா மீன்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. கட்டின பொண்டாட்டிதானே நான்?"

யால்மரி கடிவாளத்தைப் பார்த்துக்கொண்டே, "சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?" என்றான். குத்திக் காட்டுகிற கேள்வி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

ஹில்யாவுக்கு விடை தெரியும். பெருமையாக இருந்திருக்கும். அந்தப் பெருமை வயிற்றில் தங்காது. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் யாராவது ஒருத்தியைத் தனியே அழைத்து, என் புருஷனைப் போல உண்டா என்று சொல்லியிருப்பாள்.

அதை அவனிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மீனைக் கழுவி உப்பிடத் தொடங்கினாள். இருந்த மரத்தொட்டிகள் போதவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியையும் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டாள். யால்மரி பக்கத்தில் உட்கார்ந்து உப்பு அள்ளிக் கொடுத்தான். அவன் அவளுடையவன்தான், வேறு யாருடையவனும் அல்ல. குளிர்காலம் முழுக்க அவள் தெரிந்துகொள்ளத் துடித்தது அதைத்தான். இப்போது தெரிந்துவிட்டது, அவள் ஒரு வரிசை மீன், ஒரு பிடி உப்பு என்று அடுக்கிக்கொண்டே இருந்தாள், எவ்வளவு அடுக்கியும் அந்த மீன் தீரவே இல்லை.